காலையில் 152, மாலையில் 124: எது உங்கள் ரத்த அழுத்தம்?

காலையில் எழுந்ததும் 152. பத்து நிமிடம் கழித்து 138. மாலையில் 124. மறுநாள் மருத்துவமனையில் செவிலியர் அளந்தால் 166. ரத்த அழுத்தக் கருவி வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே முதியவர்கள் பலர் இந்தக் குழப்பத்தில் சிக்கிவிடுகிறார்கள். சிலர் கருவி பழுது என்று முடிவு செய்து அலமாரிக்குள் வைத்துவிடுகிறார்கள். சிலர் எண் ஏறிய நாளில் கூடுதலாக அரை மாத்திரை விழுங்குகிறார்கள், இறங்கிய நாளில் மாத்திரையையே விட்டுவிடுகிறார்கள். இந்த இரண்டாவது பழக்கம்தான் உண்மையில் ஆபத்தானது.

இதற்கிடையே செய்திகளும் குழப்புகின்றன. அமெரிக்க மருத்துவர்கள் 130 என்கிறார்கள், ஐரோப்பியர்கள் 140 என்கிறார்கள், 120 வரை இறக்குவது நல்லது என்று ஓர் ஆய்வு சொன்னதாகவும் படிக்கிறோம். வீட்டில் கிடைக்கும் எண்ணை இவற்றில் எதோடு ஒப்பிடுவது?

மேலே சொன்ன நான்கு எண்களுமே சரியாக இருக்கலாம். ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

எண் எங்கிருந்து வருகிறது

இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது தமனிச் சுவரில் ஏற்படும் உச்ச அழுத்தம் மேல் எண். இதயம் விரிந்து நிரம்பும் இடைவெளியில் தமனியில் மிஞ்சியிருக்கும் அழுத்தம் கீழ் எண். மருத்துவர்கள் இவற்றை சிஸ்டாலிக், டயஸ்டாலிக் என்பார்கள். அலகு, மில்லிமீட்டர் பாதரசம்.

பாதரசம் ஏன் வந்தது? ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் ஒரு குதிரையின் தமனியில் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, ரத்தம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்த்தார். எட்டடிக்கு மேல் ஏறியது. 1733-இல் அதை வெளியிட்டார். மனிதருக்கு 120 என்பது ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரமுள்ள ரத்தத் தூணுக்குச் சமம். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு அடர்த்தியானது என்பதால் அதே அழுத்தம் 12 சென்டிமீட்டர் தூணில் அடங்கிவிடும். மேசைமேல் வைக்கத்தக்க கருவி அப்படித்தான் சாத்தியமாயிற்று. 1896-இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி, கையில் சுற்றும் காற்றுப்பட்டையைப் பாதரசத் தூணோடு இணைத்தார். 1905-இல் ரஷ்ய மருத்துவர் நிக்கோலாய் கொரோட்கோவ், பட்டையின் காற்றை இறக்கும்போது ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் தட்டொலி தொடங்கும் இடம் மேல் எண், மறையும் இடம் கீழ் எண் என்று காட்டினார்.

வீட்டில் பயன்படுத்தும் மின்னணுக் கருவி இந்த ஒலியைக் கேட்பதில்லை. ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் பட்டைக்குள் இருக்கும் காற்று மெல்ல அதிர்கிறது. அந்த அதிர்வை உணர்ந்து, அது எங்கே உச்சமடைகிறது என்று கண்டுபிடித்து, அதிலிருந்து மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் ஒரு சூத்திரத்தால் கணக்கிடுகிறது. அந்தச் சூத்திரம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. ஆகவே இரண்டு நல்ல கருவிகளுக்கிடையே 4, 5 புள்ளி வேறுபாடு இருந்தால் அது பழுதில்லை. நாடித்துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்கு, அதாவது முதுமையில் பலருக்கு வரும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத்துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கு, இந்தக் கணக்கு அடிக்கடி தடுமாறும். அவர்கள் ஒவ்வொரு முறையும் மூன்று தடவை அளந்து சராசரி எடுக்க வேண்டும்.

வயது ஏறினால் என்ன மாறுகிறது

இளம் வயதுத் தமனி ரப்பர் குழாய்போல விரிந்து கொடுக்கும். இதயம் தள்ளும் ரத்தத்தின் வேகத்தை அது உள்வாங்கிக்கொண்டு, இடைவெளியில் மெல்லச் சுருங்கி ரத்தத்தை முன்னே அனுப்பும். வயது ஏற ஏறத் தமனிச் சுவர் விறைத்துப்போகிறது. விரிய முடியாததால் உச்ச அழுத்தம் கூடுகிறது. சுருங்கித் தள்ள முடியாததால் இடைவெளி அழுத்தம் குறைகிறது. 162/70 போன்ற எண்கள் எழுபதைக் கடந்தவர்களிடம் மிகுதியாகக் காணப்படுவது இதனால்தான். கீழ் எண் நன்றாகத்தானே இருக்கிறது என்று ஆறுதல் கொள்ளக்கூடாது. முதுமையில் பக்கவாதம், மாரடைப்பு அபாயத்தைக் கூடுதலாகச் சொல்வது மேல் எண்தான். இரண்டுக்கும் இடையே இடைவெளி அகலமாக இருப்பதே தமனி விறைத்திருப்பதன் அடையாளம்.

“வயதோடு நூறைக் கூட்டிக்கொள், அதுதான் உனக்குச் சரியான பிரஷர்” என்ற கணக்கு இன்னும் நம் வீடுகளில் புழங்குகிறது. ஒரு காலத்தில் மருத்துவர்களே அப்படி நினைத்தார்கள். அமெரிக்க ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச்சில் 186/108 இருந்தது. அவருக்கு வயது 62. அன்றைக்கு அதைக் குறைக்க நல்ல மருந்தும் இல்லை, குறைத்தே ஆகவேண்டும் என்ற எண்ணமும் பரவலாக இல்லை. 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு அவர் இறந்தார். அன்று பதிவான அழுத்தம் 300/190.

மிகவும் முதியவர்களுக்கு அழுத்தத்தைக் குறைப்பது பயன் தருமா என்ற சந்தேகம் அதன் பிறகும் நீண்ட காலம் இருந்தது. 2008-இல் வெளியான ஹைவெட் ஆய்வு அதற்கு விடை சொன்னது. 80 வயதைக் கடந்த 3,845 பேரில் ஒரு பகுதியினருக்கு 150/80-ஐ இலக்காக வைத்து மருந்து கொடுத்தார்கள். மருந்து பெற்றவர்களிடம் மரணம் 21 சதவீதமும் இதயச் செயலிழப்பு 64 சதவீதமும் குறைந்தன. வயதோடு நூறைக் கூட்டும் கணக்கை இதற்குப் பிறகும் ஒருவர் சொன்னால், அதைக் கேட்டு மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

முதுமையில் மாறும் இன்னொன்றும் இருக்கிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உண்டு. நாம் எழுந்து நின்றால், பேசினால், பதறினால் அழுத்தத்தை உடனே சரிசெய்வது அவற்றின் வேலை. வயதில் அவை மந்தமாகின்றன. அதனால் ஒரே நாளில் எண் ஏறி இறங்கும் வீச்சு, 35 வயது மகனைவிட 75 வயது அப்பாவுக்கு அதிகம். மகனுக்கு ஒரே அளவீட்டில் கிடைக்கும் தெளிவு அப்பாவுக்குக் கிடைக்க ஒரு வாரம் ஆகும்.

மருத்துவமனை எண், வீட்டு எண்

மருத்துவமனை வாசலில் வரிசையில் நின்று, மாடிப்படி ஏறி, பெயர் கூப்பிட்டதும் விரைந்து போய் உட்கார்ந்தால் அழுத்தம் ஏறத்தான் செய்யும். வீட்டில் இயல்பாக இருந்து மருத்துவர் முன்னிலையில் மட்டும் ஏறுவதை வெள்ளை அங்கி உயர் ரத்த அழுத்தம் என்கிறார்கள். முதியவர்களிடம் இது அதிகம். இதைத் தெரிந்துகொள்ளாமல் மாத்திரையைக் கூட்டினால், வீட்டில் அழுத்தம் தேவைக்கு மேல் இறங்கித் தலைசுற்றி விழ நேரிடலாம்.

இதற்கு நேர்மாறானது மறைந்திருக்கும் உயர் ரத்த அழுத்தம். மருத்துவமனையில் 132, வீட்டில் அதிகாலையில் 155. மாத்திரையைக் காலை எட்டு மணிக்குப் போட்டுக்கொண்டு பத்து மணிக்கு மருத்துவரைப் பார்ப்பவரிடம் இது எளிதில் ஒளிந்துகொள்ளும். மருந்தின் வேலை உச்சத்தில் இருக்கும் நேரத்தில்தான் அவரை எப்போதும் அளக்கிறார்கள். வீட்டில் அளப்பதால் கிடைக்கும் பெரிய நன்மை இந்த இரண்டு பிழைகளையும் பிடிப்பதுதான்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடுதேடி வந்து ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். மருத்துவமனைக்கு அலைய முடியாத முதியவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனாலும் அது மாதத்தில் ஒரு நாளின் எண். கீழே சொல்லப்போகும் ஒரு வாரக் கணக்கோடு சேர்த்துப் பார்க்கும்போது அதன் பொருள் தெளிவாகும்.

140, 135, 130, 120: ஏன் இத்தனை எல்லைகள்?

1. மருத்துவமனையில் 140/90 அல்லது அதற்கு மேல் என்பது உலகம் முழுவதும் பழகிய எல்லை. வீட்டில் மனம் அமைதியாக இருப்பதால் எண் சற்றுக் குறையும். ஆகவே அதற்கு இணையான வீட்டு எல்லை 135/85. மருத்துவமனை எல்லையான 140-ஐ வீட்டு எண்ணோடு ஒப்பிடுவதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

2. அமெரிக்க இதய அமைப்புகள் 2017-இல் எல்லையை 130/80-க்கு இறக்கின. அவர்கள் கணக்கில் வீட்டு எல்லையும் 130/80.

3. ஐரோப்பிய இதயவியல் கழகம் 2024-இல் நோய் என்ற பெயருக்கு 140/90-ஐயே வைத்துக்கொண்டு, மருந்து எடுப்பவர்களுக்கு, உடல் தாங்கினால், மேல் எண் 120 முதல் 129 வரை இருக்கலாம் என்றது. 85 வயதைக் கடந்தவர்கள், எழுந்து நின்றால் அழுத்தம் இறங்குபவர்கள், உடல் மிகத் தளர்ந்தவர்கள் ஆகியோருக்குத் தளர்வு தந்தது.

4. 120 என்ற செய்தியின் மூலம் 2015-இல் அமெரிக்காவில் வெளியான ஸ்பிரிண்ட் ஆய்வு. 50 வயதைக் கடந்த 9,361 பேர், நீரிழிவு உள்ளவர்களைச் சேர்க்கவில்லை. அங்கே அளந்த முறையைக் கவனிக்க வேண்டும். ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து, தானியங்கிக் கருவியால் மூன்று முறை அளந்து சராசரி எடுத்தார்கள். பல இடங்களில் அறையில் வேறு யாரும் இல்லை. அந்த 120, பரபரப்பான வெளிநோயாளர் பிரிவில் அளந்தால் 130-ஐ நெருங்கலாம். தலைப்பில் வந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு அளந்த முறையை விட்டுவிட்டதால்தான் இவ்வளவு குழப்பம்.

5. சீனாவில் 60 முதல் 80 வயது வரையிலான 8,511 பேரிடம் நடந்து 2021-இல் வெளியான ஸ்டெப் ஆய்வும், 130-க்குக் கீழே வைத்தால் இதய, மூளை ரத்தநாளப் பாதிப்புகள் குறைவதைக் காட்டியது. அதில் பங்கேற்றவர்கள் வீட்டிலும் அளந்து வந்தார்கள்.

ஆக, 60 வயதைக் கடந்த பெரும்பாலோருக்கு வீட்டுச் சராசரி 135/85-க்குக் கீழே இருப்பது முதல் படி. அதற்கும் கீழே எவ்வளவு இறக்குவது என்பது சிறுநீரகம், நீரிழிவு, கீழே விழுந்த வரலாறு, மற்ற மருந்துகள் ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர் தீர்மானிக்க வேண்டியது. அடுத்த வீட்டுக்காரரின் இலக்கு உங்களுக்குப் பொருந்தாது.

அளக்கும் முறை, காரணத்தோடு

1. கை எங்கே இருக்கிறது என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். முன்னே சொன்ன ரத்தத் தூணை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டை இதய மட்டத்திலிருந்து 10 சென்டிமீட்டர் தாழ்ந்தால், அந்த உயரத்து ரத்தத்தின் எடையும் அளவில் சேர்ந்துகொள்ளும். எண் ஏறக்குறைய 8 புள்ளி கூடும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட முடிவில், கையை மடியில் வைத்தால் மேல் எண் சராசரியாக 3.9 புள்ளியும், பக்கத்தில் தொங்கவிட்டால் 6.5 புள்ளியும் கூடுதலாகக் காட்டியது. ஆகவே கை மேசைமேல் இருக்க வேண்டும். மேசை தாழ்வாக இருந்தால் தலையணை ஒன்றைக் கையடியில் வைத்துப் பட்டையை மார்பு மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். கையை நீங்களே தூக்கிப் பிடித்தால் தசை இறுகி எண் ஏறும்.

2. முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதங்கள் தரையில் பதிய வேண்டும். கட்டிலின் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு அளப்பது நம் வீடுகளில் வழக்கம். அதில் முதுகுக்கும் பிடிப்பு இல்லை, காலுக்கும் பிடிப்பு இல்லை. கால்மேல் கால் போடுவதும் சம்மணமிடுவதும் வேண்டாம். சாய்வுள்ள சாதாரண நாற்காலி போதும்.

3. சிறுநீர் கழித்துவிட்டு உட்காருங்கள். நிறைந்த சிறுநீர்ப்பை அழுத்தத்தை ஏற்றும். காபி, புகையிலை, நடைப்பயிற்சி ஆகியவற்றுக்குப் பின் அரை மணி நேரம் இடைவெளி வேண்டும். காலை முதல் காபிக்கு முன்பே அளந்துவிடுவது எளிது.

4. ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். தொலைக்காட்சி, கைபேசி வேண்டாம். அளக்கும்போது பேசினால் மேல் எண் பத்துப் புள்ளிகூட ஏறலாம். “எவ்வளவு காட்டுகிறது?” என்று பக்கத்தில் இருப்பவர் கேட்பதும், அவருக்குப் பதில் சொல்வதும் அளவைக் கெடுக்கும்.

5. பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே இருக்கட்டும். இறுக்கமான ரவிக்கைக் கையையோ முழுக்கைச் சட்டையையோ மேலே சுருட்டினால் அதுவே கயிறுபோல் கையை இறுக்கும். தளர்ந்த உடை அணிந்து வெறும் கையில் சுற்றுவது நல்லது.

6. முதல் நாள் இரண்டு கைகளிலும் அளந்து பாருங்கள். கூடுதலாகக் காட்டும் கையிலேயே தொடர்ந்து அளக்க வேண்டும். இரண்டுக்கும் 15 புள்ளிக்கு மேல் வேறுபாடு திரும்பத் திரும்ப வந்தால், ஒரு பக்கத் தமனியில் அடைப்பு இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். டயாலிசிஸுக்காக ரத்தநாள இணைப்பு செய்த கையிலும், மார்பக அறுவைச் சிகிச்சையில் அக்குள் நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கையிலும் அளக்கக்கூடாது.

கருவி

மேல்கையில் சுற்றும் தானியங்கிக் கருவியே போதுமானது. மணிக்கட்டுக் கருவியில் கையின் உயரம் சற்று மாறினாலும் எண் மாறிவிடும். பட்டையே இல்லாமல் அழுத்தம் காட்டும் கைக்கடிகாரங்களை நம்பி மருந்து மாற்றும் நிலை இன்னும் வரவில்லை. வாங்கும்போது மேல்கையின் நடுச்சுற்றளவை அளந்துகொண்டு போங்கள். கருவியோடு வரும் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 சென்டிமீட்டர் வரையிலான கைக்குரியது. பருத்த கைக்குச் சிறிய பட்டை சுற்றினால் எண் பொய்யாக ஏறும். ஆண்டுக்கு ஒரு முறை கருவியை மருத்துவரிடம் எடுத்துச் சென்று அங்குள்ள கருவியோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

ஏழு நாள் கணக்கு

தினமும் நாள் முழுவதும் அளப்பது பயனற்றது. மனம் அந்த எண்ணிலேயே சுழன்று, பதற்றமே அழுத்தத்தை ஏற்றும். மருத்துவரைப் பார்ப்பதற்கு முந்தைய ஒரு வாரம் ஒழுங்காக அளந்தால் போதும். காலையில் எழுந்து ஒரு மணி நேரத்துக்குள், மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன் இரண்டு முறை, ஒரு நிமிட இடைவெளியில். இரவுச் சாப்பாட்டுக்கு முன் அதேபோல் இரண்டு முறை. மாத்திரைக்கு முன் அளப்பதற்குக் காரணம், நேற்றுப் போட்ட மாத்திரை 24 மணி நேரமும் தாங்குகிறதா என்பது அப்போதுதான் தெரியும். முதல் நாளின் எண்களைத் தள்ளிவிட வேண்டும், புதுக் கருவியின் பதற்றம் அதில் இருக்கும். மீதி ஆறு நாட்களின் 24 அளவுகளுக்குச் சராசரி எடுக்க வேண்டும்.

கணக்குக்காக 72 வயதுப் பெண்மணி ஒருவரை எடுத்துக்கொள்வோம். முதல் நாள் காலை 156, அதைத் தள்ளிவிட்டோம். ஒவ்வொரு வேளையின் இரண்டு அளவுகளுக்கும் சராசரி எடுத்தபின், அடுத்த ஆறு காலைகளின் மேல் எண்கள் 144, 138, 140, 136, 142, 134. சராசரி 139. ஆறு மாலைகள் 130, 126, 132, 128, 124, 128. சராசரி 128. மொத்தச் சராசரி 133.5.

இதில் 144-ஐ மட்டும் பார்த்திருந்தால் அவர் பயந்திருப்பார். 124-ஐ மட்டும் பார்த்திருந்தால் மாத்திரையைக் குறைத்திருப்பார். மொத்தச் சராசரி 135-க்குக் கீழே இருக்கிறது, ஆனால் காலைகள் மட்டும் அதைத் தாண்டுகின்றன. மருந்தின் பலம் விடியலுக்கு முன் தீர்ந்துவிடுகிறதோ என்று யோசிக்க மருத்துவருக்கு இது வழி தருகிறது. அவர் மாத்திரையின் நேரத்தை மாற்றலாம், நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்துக்கு மாறலாம். அளவைக் கூட்ட வேண்டிய தேவையே இல்லாமல் போகலாம்.

நோட்டில் எண்ணைத் திருத்தாமல் எழுதுங்கள். பிடிக்காத எண்ணை விட்டுவிட்டு மறுபடி அளந்து நல்ல எண்ணை மட்டும் எழுதுவது பலரிடமும் உள்ள பழக்கம். அந்த நோட்டைப் பார்த்துத்தான் மருந்து முடிவாகிறது. வலிக்காகப் போடும் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளும், சளிக்காகப் போடும் மூக்கடைப்பு மாத்திரைகளும் அழுத்தத்தை ஏற்றும். அந்த வாரம் அவற்றை எடுத்திருந்தால் ஓரத்தில் குறித்துவையுங்கள்.

எழுந்து நின்றபின் ஓர் அளவு

வீட்டில் அளப்பவர்களில் மிகச் சிலரே செய்வது இது. முதியவர்களுக்கு இதைவிட முக்கியமான அளவு இல்லை என்பேன்.

படுத்தோ உட்கார்ந்தோ இருந்து எழுந்தால் அரை லிட்டருக்கும் மேற்பட்ட ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. இளையவர்களின் உடல் சில நொடிகளில் ரத்தநாளங்களைச் சுருக்கி அதை ஈடுசெய்துவிடும். உணர்நரம்புகள் மந்தமான முதியவருக்கு அந்த ஈடு தாமதமாகிறது. நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அது ஒரு கோளாறாகவே கணக்கிடப்படுகிறது. தலைசுற்றல் இல்லாமலும் இது இருக்கலாம். இரவில் கழிப்பறைக்கு எழுந்து போகும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிவது பல குடும்பங்களுக்குத் தெரிந்த துயரம். அந்த வீழ்ச்சிகளில் ஒரு பங்கு இந்த இறக்கத்தால் வருவது.

அளக்கும் விதம்: ஐந்து நிமிடம் படுத்திருந்து, அல்லது உட்கார்ந்திருந்து ஓர் அளவு. எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்றாம் நிமிடத்தில் ஒன்று. நிற்கும்போதும் கை இதய மட்டத்தில் தாங்கப்பட்டிருக்க வேண்டும், அலமாரித் தட்டு போதும். பக்கத்தில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். காலையில் எழுந்ததும் செய்தால் இறக்கம் நன்றாகத் தெரியும்.

இறக்கம் தெரிந்தால் மாத்திரைப் பட்டியலை முழுதாக மருத்துவரிடம் காட்டுங்கள். நீர் மாத்திரை, புரோஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் டாம்சுலோசின் போன்றவை, மனச்சோர்வு மருந்துகள் ஆகியவை இதற்குக் காரணமாகலாம். நீண்ட கால நீரிழிவும் பார்கின்சன் நோயும் நரம்பைப் பாதித்து இதே விளைவைத் தரும். வயிறு நிறையச் சோறு உண்ட பின் இரண்டு மணி நேரத்துக்குள் சிலருக்கு அழுத்தம் இறங்குவதும் உண்டு. அவர்கள் சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து உண்பது உதவும்.

கத்திரி வெயில் காலத்தில் இது இன்னும் கூடும். வெப்பத்தில் ரத்தநாளங்கள் விரிகின்றன, வியர்வையில் நீரும் உப்பும் வெளியேறுகின்றன, கழிப்பறைக்கு அடிக்கடி எழ வேண்டியிருக்கும் என்று முதியவர்கள் தண்ணீரையும் குறைத்துக்கொள்கிறார்கள். மார்கழியில் சரியாக இருந்த அதே நீர் மாத்திரை சித்திரையில் மிகையாகிவிடலாம். ஆகவே கோடை தொடங்கும்போது ஒரு வாரக் கணக்கும் நின்றபின் அளவும் எடுத்து மருத்துவரிடம் காட்டுவது நல்லது. மாத்திரையை நீங்களாகக் குறைக்க வேண்டாம்.

180-ஐத் தாண்டினால்

1. மேல் எண் 180 அல்லது கீழ் எண் 120-ஐத் தாண்டி, அதோடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கக் கை கால் பலவீனம், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், திடீர்ப் பார்வைக் குறைவு, மனக்குழப்பம் இவற்றில் ஒன்று இருந்தாலும் மறுபடி அளந்துகொண்டு நேரம் கடத்தாதீர்கள். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. இந்த அறிகுறிகள் இருந்தால் எண் குறைவாகவே இருந்தாலும் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

2. எந்த அறிகுறியும் இல்லாமல் எண் மட்டும் ஏறியிருந்தால் முதலில் உட்காருங்கள். கை, முதுகு, சிறுநீர்ப்பை மூன்றையும் சரிபாருங்கள். ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் அளங்கள். பலருக்கு இதிலேயே எண் இறங்கிவிடும். இறங்காவிட்டால் அன்றே மருத்துவரை அழைத்துக் கேளுங்கள்.

3. நாக்கின் அடியில் நிஃபெடிபின் மாத்திரை வைக்கும் பழைய வழக்கத்தைப் பின்பற்றாதீர்கள். அது அழுத்தத்தைச் சடாரென்று இறக்கும். அப்படி இறங்கும்போது மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போதாமல் பக்கவாதமும் மாரடைப்பும் வந்திருக்கின்றன. மருத்துவ உலகம் 1990-களிலேயே இந்த முறையைக் கைவிட்டுவிட்டது. வீட்டு மருந்துப் பெட்டியில் அவசரத்துக்கென்று அது இன்னும் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

4. அந்த எண், நேரம், முந்தைய நாள் தவறிய மாத்திரை, தூக்கமில்லாத இரவு, வலி, விருந்தில் உண்ட ஊறுகாய், அப்பளம், கருவாடு எதுவானாலும் நோட்டில் எழுதிவைத்து, அடுத்த முறை போகும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து மருத்துவர் முன் வையுங்கள்.